சோத்துக்கை

1

குகைக்குள் போனது நாங்கள் நாலு பேர்: பாரிஸ் புறநகர் சார்செல்லில் பதினோராம் மாடியில் குடியிருக்கும் அக்கா, அவளுடைய மகள் மயூரி, என் அண்ணன், நான். அத்தான் வரவில்லை. சனிக்கிழமை ரூ காய் தெருவில் இருக்கிற தன் உணவகத்தை விட்டுவிட்டு வர முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அகதிக் கேஸ் நடக்கிற ஆளோடு எல்லைப் பக்கம் போகப் பயம் என்பது சொல்லாத காரணம். அம்மா வன்னியில் இருந்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவருக்குச் சொல்லவேயில்லை.

இது 2015 இளவேனிலில் நடந்தது. இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம் போன வியாழக்கிழமை. அன்று பிரெபெக்சரில், வதிவிட அட்டை கொடுக்கிற அந்த அலுவலகத்தில், அண்ணனின் விரல் ரேகைகளை எடுத்தார்கள். கண்ணாடித் தட்டில் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்ன பெண், வலது கையின் பெருவிரல் முடிந்ததும் அடுத்த விரலுக்காகக் காத்திருந்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். விரல் இல்லாதவர்களுக்கென்றே கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மூன்று தரம் அழுத்தினாள். ஆக, ஏழு ரேகை.

வெளியே வந்து தெருவில் நின்றபோது அண்ணன் சொன்னார்:

"குகையிலை பதிஞ்ச மாதிரித்தான், என்ன?"

அந்த இளவேனில் முடிந்து ஆறு வருடத்தில் குகையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். அண்ணன் மூன்றாம் வகுப்பிலிருந்து கடலுக்குப் போனார். அவர் போன கடலில்தான் எனக்குக் கொப்பியும் சப்பாத்தும் வந்தன. 2008இல், பதினைந்து வயதில், என்னை அக்காவிடம் அனுப்பி வைத்ததும் அவர்தான். இரண்டு பேருக்குக் காசு காணாது என்றபோது, "படிக்கிறவன் போகட்டும்" என்றாராம். போக முடியாதவர் அங்கே நின்றார். அடுத்த வருடம் போரில் விழுந்த ஒரு எறிகணைச் செல் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டு போனது. பெருவிரலும் சின்னிவிரலும் மிச்சம்.

2012 முடிகிற நேரம் அண்ணன் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பத்துக்குத் தன் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அதை எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அத்தான் அப்படி ஒருவரிடம் போகச் சொன்னார். அக்கா விடவில்லை. வீட்டில் படித்த பெடியன் இருக்கும்போது வெளியாளிடம் ஏன் போக வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது. அப்போது நான் சென் தெனி பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, குசினி மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். செல் விழுந்த இடத்துக்கு வந்ததும் அவர் சுருக்கமாகச் சொன்னார்.

"பங்கர் வாசல்லை மண்மூட்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சோத்துக்கை போட்டுது."

'வலது கை' என்று எழுதியிருந்தால் இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். எனக்கு அது வறண்டு தெரிந்தது. பேசுகிறவரின் குரல் எழுத்தில் கேட்க வேண்டும் என்று லிசேயில், உயர்பள்ளியில், ஆசிரியை அடிக்கடி சொல்வார். நான் பிரெஞ்சில் எழுதினேன்: 'நான் சாப்பிடும் கையை இழந்தேன்.' எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு நல்ல வசனம் என்று நினைத்தேன்.

எழுதியதை விண்ணப்பக்காரருக்கு அவருடைய மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதால் முழுவதையும் தமிழில் திருப்பிச் சொன்னேன். அந்த இடம் வந்தபோது இயல்பாகவே 'சோத்துக்கை' என்றுதான் வாயில் வந்தது. அண்ணன் தலையாட்டினார். அடியில் இடது கையால், எறும்பு ஊர்கிற மாதிரி, தன் பெயரை எழுதினார்.

3

2014 இலையுதிர் காலத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. நீண்ட கடிதம். நடுவில் இப்படி ஒரு பந்தி: காயம் உண்மை, ஆனால் தான் சாப்பிடும் கையில் காயம் பட்டதாக எழுத்தில் சொன்னவர், நேர்காணலில் எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது காயமில்லாத இடது கையைக் காட்டினார், இந்த முரணுக்கு விளக்கம் தரவில்லை, ஆகவே காயம்பட்ட விதம் பற்றி அவர் சொல்வதை நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தின் மேல் அல்ல, அண்ணன் மேல்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சாப்பிடுற கை எதெண்டு கேட்டவை. காட்டினனான்."

"பிழையான கையைக் காட்டியிருக்கிறியள்."

நான் எழுதியது சரி, சொன்னவர்தான் குழப்பிவிட்டார் என்று உறுதியாக நம்பினேன். விரல் இல்லாத கையால் ஒரு மனிதன் எப்படிச் சோறு பிசைவான் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக ஒரே வீடு. அண்ணன் ஒருநாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் எழும்பிய பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, குசினி யன்னலோரம் நின்று சாப்பிடுவார். அக்கா புருஷன் வீட்டில் இருக்கிற கூச்சம் என்று எல்லோரும் நினைத்தோம்.

மேன்முறையீடு செய்தோம். மாசி கடைசியில் விசாரணைத் திகதி வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் தபால்பெட்டிச் சத்தம் கேட்டாலே அக்கா அடுப்பைக் குறைப்பாள்.

4

அந்த நாட்களில்தான் மயூரி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிரதித் தாளோடு வந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கியிருந்த வயது. ஆதிகால மனிதரைப் பற்றிப் பாடம். தாளில் குகைச் சுவரில் பதிந்த ஒரு கை. சுற்றிவரச் சிவப்புச் சாயம் ஊதி, கையை எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. மூன்று விரல்கள் பாதியில் நின்றன.

"மாமா, உங்கடை கை," என்றாள்.

அக்கா அவள் வாயைப் பொத்தப் போனாள். அண்ணன் தாளை வாங்கிக்கொண்டார். காற்சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். அந்தக் கையை அவ்வளவு நேரம் வெளியே வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இவைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

குளிரில் போயிருக்கலாம், நோயில் போயிருக்கலாம், தாங்களே வெட்டியிருக்கலாம், வெறுமனே மடித்தும் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது என்று மயூரி பாடத்தில் இருந்ததைப் பிரெஞ்சில் ஒப்புவித்தாள். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் இரவுச் சாப்பாடு வரையும் தாளைக் கீழே வைக்கவில்லை. பிறகு, பிரான்சுக்கு வந்தபின் முதல் தடவையாக, தனக்கென்று ஒன்று கேட்டார். அதைப் பார்க்கப் போகலாமா என்று.

அத்தான் சிரித்தார். "கையைப் பாக்க எண்ணூறு கிலோமீற்றரோ? சும்மா பொக்கற்றுக்கை கையை விட்டாக் காணுமே." பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஸ்பெயின் எல்லைப் பக்கம். வழி முழுக்கச் செக்கிங். விசாரணைக்கு மூண்டு கிழமை கிடக்கு. நீ படிச்சனி, உனக்கு விளங்குந்தானே."

விளங்கியது. ஆனாலும் அண்ணன் கேட்டிருந்தார். பயணச்சீட்டை நான் எடுத்தேன்.

5

தெற்கே துலூஸ் நகரைத் தாண்டியதும் ரயிலுக்குள் மூன்று பொலிஸ்காரர் ஏறினார்கள். பெட்டியில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு வந்து, எங்கள் இருக்கையில் நின்றார்கள். அக்காவின் அட்டையும் என்னுடைய அட்டையும் ஒரு நொடியில் திரும்பி வந்தன. அண்ணனிடம் இருந்தது மடித்து மடித்து நைந்த தற்காலிகப் பத்திரம் மட்டுந்தான். திகதி முடியப் பதினொரு நாள் இருந்தது. அந்த ஆள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எதற்கு இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் மயூரி தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்: மாமாவுடைய கை அங்கே ஒரு சுவரில் இருக்கிறது, பார்க்கப் போகிறோம்.

அவன் அண்ணனின் காற்சட்டைப் பையைப் பார்த்தான். கையை வெளியே எடுக்கச் சொன்னான். அண்ணனுக்கு மொழி விளங்காவிட்டாலும் அந்தக் குரல் விளங்கியது. மெதுவாக எடுத்தார். அவன் அதைப் பார்த்தான், பத்திரத்தைப் பார்த்தான், மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தபடியே போனார்கள். அதற்குப் பிறகு குகை வரும்வரை நாங்கள் யாரும் உரத்துப் பேசவில்லை.

குகை வாசலில் மேகம் மலையில் பாதிவரை இறங்கியிருந்தது. உள்ளே போக ஒரு மணித்தியாலம் இருந்ததால் அக்கா புட்டுப் பொதிகளைப் பிரித்தாள். அண்ணன் வழமைபோலத் தன்னுடைய பொதியை எடுத்துக்கொண்டு கார்கள் நிறுத்துகிற இடத்துக்கு அப்பால் போய்விட்டார். தண்ணீர்ப் போத்தல் கொடுக்க ஓடிய மயூரி திரும்பி வந்து, மாமா மற்றக் கையால் சாப்பிடுகிறார் என்றாள். "உஸ்," என்றாள் அக்கா. எனக்கும் அது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

6

உள்ளே குளிர் மேலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வந்தது. பன்னிரண்டு பேர் போனோம். வழிகாட்டிப் பெண் எதையும் தொடக் கூடாது, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அண்ணன் நான் சொல்லுமுன்பே கட்டிக்கொண்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் விளக்கைச் சரித்துப் பிடித்ததும் கைகள் வந்தன. சிவப்பு, கறுப்பு, ஒன்றின் மேல் ஒன்று, ஆள் உயரத்திலும் அதற்கு மேலும். உள்ளிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. ஒன்றில் இரண்டு விரல் இல்லை, ஒன்றில் நாலும் இல்லை. பெருவிரல் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. மயூரி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது பதிவு," என்றார் அண்ணன் மெதுவாக.

2009இல் முள்வேலி முகாமுக்குள் எடுக்க முன்னம், ஒரு கூடாரத்தில் மேசை போட்டு எல்லோரையும் பதிந்தார்களாம். அண்ணனின் வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரலை மையில் அமத்தினார்களாம். அதைச் சொல்லிவிட்டு, ஏன் விரல் இல்லை என்று இந்த வழிகாட்டிப் பிள்ளையிடமும் ஒரு தரம் கேள் என்றார். கேட்டேன். தெரியாது என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

"ஒண்டும் எழுதி வைக்கேல்லையோ?"

"அப்ப எழுத்து இல்லை அண்ணை."

"தப்பியிட்டினம்."

கொஞ்சம் உள்ளே ஒரு பள்ளத்தில் மிகச் சின்னக் கை ஒன்று இருந்தது. கைக்குழந்தையுடையது, பெரியவர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று வழிகாட்டி சொன்னாள். எல்லோரும் குழைந்தார்கள். அண்ணன் மட்டும் பின்னுக்கு நகர்ந்து, "பிள்ளையையும் பதிஞ்சிருக்கினம்," என்றார்.

பிறகு அவள் விளக்கை அணைத்துக் காட்டினாள். அது கண்ணை மூடிய இருட்டல்ல. கண் இருப்பதே பொய் என்கிற இருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டியது. எனக்குப் பக்கத்தில் அண்ணன் மூச்சை எண்ணி எண்ணி விடுவது கேட்டது. பங்கருக்குள் அப்படித்தான் விடுவார்களாம்.

வெளிச்சம் வந்ததும் வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டாள். சுவரில் இருப்பவை பெரும்பாலும் இடது கைகள், ஏன்? சாயம் பிடிக்க வலது கை தேவைப்பட்டிருக்கும். நாமும் பார்ப்போமே, நீங்கள் எழுதும் கையை உயர்த்துங்கள்.

பெயரைத் தவிர எழுதத் தெரியாத மனிதரிடம் 'எழுதும் கை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணனின் காதருகே குனிந்து, "சோத்துக்கையைத் தூக்கட்டாம்," என்றேன்.

அண்ணன் வலது கையைத் தூக்கினார். விளக்கு வெளிச்சத்தில் பெருவிரலும் சின்னிவிரலும் சுவரில் பெரிய நிழலாக விழுந்தன. மற்றக் கைகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாக நின்றது.

மயூரிக்குப் பொறுக்கவில்லை. அவள் தமிழிலேயே சொன்னாள்: "மாமா பொய். நீங்கள் மற்றக் கையாலதானே சாப்பிட்டனீங்கள்."

"சோத்துக்கை எண்டால் இதுதான் பிள்ளை," என்றார் அண்ணன் கையை இறக்காமல். "சாப்பிடுறது எதாலை எண்டது வேறை கதை."

குசினி மேசை எனக்கு முன்னால் வந்தது. 'நான் சாப்பிடும் கையை இழந்தேன்.' அதிகாரி கேட்டது நான் எழுதியதை. அண்ணன் சொன்னது தன்னுடைய உண்மையை. வெட்கத்தில் எங்களிடமே மறைத்து வைத்திருந்த ஒன்றை, அரசாங்கம் கேட்டது என்பதற்காக அங்கே கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருந்த பிழை நான்.

7

திரும்பும் ரயிலில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அண்ணன் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ படிச்சனி. நீ எழுதினது சரியாத்தான் இருக்கும், நான்தான் ஏதோ உளறியிட்டன் எண்டு நினைச்சன்."

அக்கா மிச்சம் இருந்த புட்டுப் பொதியைப் பிரித்து அவருக்கு முன்னால் வைத்தாள். "இதிலை இருந்து சாப்பிடு," என்றாள். அவர் தயங்கினார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் இடது கையால் சாப்பிட்டார். மயூரி தூங்கிவிட்டாள். நானும் அக்காவும் வெளியே பார்த்தோம்.

திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் ஓடினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். விசாரணை நெருங்குகிற நேரத்தில் புது விளக்கம் கொண்டுபோனால் சோடித்த மாதிரித் தெரியும் என்றார். ஆனாலும், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தச் சொல்லின் பொருளை எழுதித் தரட்டும், எழுதியவன் நான், பிழை என்னுடையது என்று நானும் ஒரு கடிதம் தர வேண்டும் என்றார். இரண்டையும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் ஓய்வு பெற்ற பாண்டிச்சேரிக்காரர். தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோத்துக்கைன்னா மேன் துருவாத், வலது கை, தம்பி. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. இதுக்குப் போய் ஒரு செர்த்திபிகாவா?"

விசாரணை அறையில் மூன்று நீதிபதிகள். அண்ணனுக்குப் பக்கத்தில் மன்றத்தின் மொழிபெயர்ப்பாளர். நான் பின் வரிசையில். நடுவில் இருந்த பெண் நீதிபதி என்னுடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அன்பாகவே கேட்டார்: உங்கள் தம்பி பிழையாக எழுதிவிட்டதாகச் சொல்கிறார், அப்படித்தானா?

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 'ஓம்' என்ற ஒரே ஒரு சொல் போதும்.

"இல்லை," என்றார் அண்ணன். "தம்பி பிழை விடேல்லை. அவன் படிச்சவன். நான் சொன்னதைத்தான் எழுதினவன்."

நீதிபதி இன்னொரு தரம் கேட்டார். அவர் இன்னொரு தரம் அதையே சொன்னார். சட்டத்தரணி எழுந்து ஏதோ விளக்கினார். எழுத்தர் தட்டெழுதுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

வெளியே நடைபாதையில் நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"நீ நசியோனலித்தேக்குப் போட்டிருக்கிறாய்," என்றார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நான் அந்த வருடந்தான் விண்ணப்பித்திருந்தேன். "அரசாங்கக் கடதாசியிலை பிழையா எழுதினவன் எண்டு உன்ரை பேரைப் பதிஞ்சுபோட்டா? பதிஞ்சாப் பதிஞ்சதுதான். பாத்தனிதானே, எத்தினை ஆயிரம் வருசமா அந்தச் சுவரிலை நிக்குது."

அப்படி யாரும் பதிய மாட்டார்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. என் படிப்பை நம்பிய மனிதர், அந்த ஒரு விசயத்தில் மட்டும் என்னை நம்பவில்லை.

மூன்று கிழமை கழித்து முடிவுகளை மன்றத்தின் கூடத்தில் ஒட்டினார்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன். சுவரில் நீளமாகத் தாள்கள், பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல். ஆட்கள் விரலை வைத்து இறக்கி இறக்கித் தேடினார்கள். அண்ணனின் பெயர் கீழே, என் இடுப்பு உயரத்தில் இருந்தது. நிராகரிப்பு.

8

அதன் பிறகு அண்ணன் கார் து நோர் நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை. அங்கே எப்போதும் பொலிஸ் நிற்கும். சார்செல்லிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுத்து, ரூ காயில் அத்தானின் உணவகக் குசினிக்கு வருவார். வெங்காயப் பெட்டிகளை இடது கையால் தூக்கப் பழகிக்கொண்டார். நாலாம் வருடம் அம்மா போனார். அக்கா மட்டும் ஊருக்குப் போனாள். அண்ணன் குளிரறைக்குள் நின்று, தொலைபேசியில், கொள்ளி வைத்ததைப் பார்த்தார். அவர் வைத்திருக்க வேண்டிய கொள்ளி.

எனக்குக் குடியுரிமை அடுத்த வருடமே கிடைத்தது. அதைக் கொடுக்கிற விழாவுக்கு அண்ணன் வரவில்லை. அது பிரெபெக்சர் கட்டடத்தில் நடந்தது.

இப்போது, சேர்த்து வைத்த சம்பளச் சீட்டுகளைக் காட்டி, வேலை செய்கிறவர் என்ற கணக்கில் அட்டைக்குப் போட்டிருக்கிறோம். ஒரு வருட அட்டை. வியாழக்கிழமை ஏழு ரேகைகளும் சரியாக விழுந்தன. அண்ணன் இப்போது எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மயூரிக்குப் பதினாலு வயது. போன கிழமை, மாமா இடக்கைக்காரர்தானே என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள். குகையை அவள் மறந்துவிட்டாள்.

அட்டைக்காகப் பழைய கோப்பைப் பிரித்தபோது மொழிபெயர்ப்பாளர் கொடுத்த பற்றுச்சீட்டு விழுந்தது. தாள் ஒன்று, சொல் ஒன்று. அந்தச் சொல்லுக்கு அண்ணன் கொடுத்தது அட்டையில்லாத ஆறு வருடமும் இரண்டு மாதமும். நான் கொடுத்தது நாற்பது யூரோ.